பாடாந்தரம்: இசை மாணவர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: புதிய கிருதி ஒன்றைப் பாடம் பண்ணுவது எப்படி? ஆளுக்கொரு பாட்டை உதாரணம் காட்டினால் குழப்பம் மிஞ்சும். அதனால் பலருக்கும் காதில் பழகிய ஒரே கிருதியைப் பெரும்பாலான பதில்களில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்: தியாகராஜரின் 'நிதி சால சுகமா'. கல்யாணி ராகம், மிஸ்ர சாபு தாளம்.

எங்கள் குரு பாட்டைப் பாடி ரெக்கார்டிங் அனுப்பிவிடுகிறார். அடுத்த வகுப்புக்குள் பல்லவி, அனுபல்லவியாவது ஏறியிருக்க வேண்டும் என்கிறார். நாள் முழுக்கக் கேட்டு, கூடவே பாடிப் பார்க்கிறேன். வகுப்பில் தனியாகப் பாடச் சொன்னால் பாதி காணாமல் போகிறது. எங்கே தொடங்க வேண்டும்?
*– வாசகி, திருச்சி*

ரெக்கார்டிங் ஓடும்போது கூடவே பாடுவதை நிறுத்துங்கள். குருவின் குரல் உங்களை இழுத்துக்கொண்டு போகும்போது பாட்டு வருவது போலத்தான் இருக்கும். அந்தக் குரல் நின்றதும் உங்களிடம் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு. கேட்பது வேறு வேளை, பாடுவது வேறு வேளை என்று பிரித்துவிடுங்கள்.

முதல் நாள் பேனாவும் நோட்டும் மட்டும் போதும். சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஒரு வரியாக, இரண்டு வரிக்கு இடம் விட்டு எழுதுங்கள். அச்சிட்ட தாளை ஒட்டிக்கொள்வது உதவாது, கையால் எழுத வேண்டும். காலியாக விட்ட முதல் வரியில் பதம் பிரித்து எழுதுங்கள், அடுத்ததில் பொருள். நம் உதாரணத்தில் பல்லவியின் பொருள் இது: "நிதி மிகவும் சுகமா, ராமனின் சந்நிதியில் செய்யும் சேவை சுகமா, உண்மையைச் சொல் மனமே." இது தெரியாமல் பாடுகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள் பாருங்கள். 'நிதி' என்று தொடங்குகிற பாட்டில் 'ஸன்னிதி'யிலும் அதே 'நிதி' வருகிறது. வாய் பழகியபடி 'ராமுனி ஸன்' என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, 'நிதி சேவ சுகமா' என்று தொடங்கிவிடுவார்கள். ராமனின் சந்நிதி போய், நிதிக்குச் சேவை செய்வதாக அர்த்தம் திரும்பிவிடும். சரணத்தில் இதே பொறி இன்னொரு முறை இருக்கிறது. 'தம ஶமமனு' என்று தொடங்கும் வரிக்கு அடுத்தது 'கர்தம துர்விஷய'. முன்னது புலனடக்கம், பின்னது சேறு. 'கர்' என்று விட்டு 'தம' என்று எடுத்தால் சேற்றைப் பழிக்க வந்த வரி புலனடக்கத்தைப் பழிக்கிறது. இந்த இரண்டு இடத்திலும் நோட்டில் ஒரு வளைவுக் கோடு போட்டு எழுத்துகளைச் சேர்த்துவிடுங்கள். மூச்சு எடுக்கும் இடத்துக்கு ஒரு சின்ன டிக் போடுங்கள். 'ராமுனி'க்கு முன்னால் எடுத்துவிட்டால் 'ஸேவ' வரை தாராளமாகப் போகலாம்.

இரண்டாவது நாள் தாளம் மட்டும். வாயை மூடிக்கொண்டு, ரெக்கார்டிங்குக்குக் கையால் தாளம் போடுங்கள். மிஸ்ர சாபு என்றால் 'தகிட தகதிமி', ஏழு. நோட்டில் ஏழு கட்டம் வரைந்து எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலா (தாளச் சுற்றின் முதல் தட்டு), சமம் தாண்டியா, அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்ற மூன்றையும் குறித்துவிட்டால் பாதிப் பாட்டு கைக்கு வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் இதைச் செய்யாமல் மெட்டிலிருந்து தாளத்தை ஊகிக்கிறார்கள். சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதம்) அடர்த்தியாக வரும் இடத்தில் அந்த ஊகம் கவிழ்ந்துவிடும்.

பாடுவது மூன்றாம் நாள்தான். முதல் சங்கதியின் ஒரே ஒரு ஆவர்த்தனத்தை மட்டும் எடுத்து இந்த வரிசையில் பாடுங்கள்: சாகித்தியமாக மூன்று முறை, ஸ்வரமாக மூன்று முறை, அகாரமாக ('ஆ' என்ற ஒலியில் மட்டும்) மூன்று முறை, மறுபடி சாகித்தியமாக. ஸ்வரமாகப் பாடும்போது குரல் எங்கே போகிறது என்று தெரியும். கல்யாணியில் இது மிக அவசியம். ச, ப இரண்டையும் தாண்டிப் போகும் 'கமதநி', 'நிரிகம' போன்ற பிடிகள் அதில் நிறைய. சாகித்தியத்தோடு பாடும்போது தெரியாமலே ஒரு பஞ்சமத்தைச் செருகிவிடுவோம். ஸ்வரம் சொன்னால் அது உடனே பிடிபடும். அகாரம் இன்னொரு சோதனை. கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, தொண்டையில் இருக்கிறதா, அல்லது எழுத்துகளின் மறைவில் ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று அகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சங்கதிகளுக்கு எண் போடுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து எந்த எழுத்தில் மாறுகிறது என்று அடிக்கோடிடுங்கள். பெரும்பாலும் வரி முழுதும் மாறுவதில்லை. வால் மாறும், அல்லது நடுவில் ஒரு எழுத்து மேலே ஏறும். மாறும் இடத்தை மட்டும் தனியே பிடித்துக்கொண்டால் ஆறு சங்கதியைக் கற்பது ஆறு வரியைக் கற்பது போலாகாது. ஒரு அமர்வுக்கு மூன்று சங்கதிக்கு மேல் வேண்டாம். நாற்பது நிமிடம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் மூன்றாவதும் நான்காவதும் ஒன்றோடொன்று கலக்கும். அப்படிக் கலந்ததைப் பிரிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

கடைசியில் இணைப்புகள். பல்லவி முடிந்து அனுபல்லவி எடுக்கும் இடம், அனுபல்லவியிலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடம், சரணத்திலிருந்து திரும்பும் இடம் ஆகிய மூன்றையும் தனிப் பாடமாகப் பாடுங்கள்: முன் வரியின் கடைசி நான்கு எழுத்து, பின் வரியின் முதல் நான்கு எழுத்து, இவ்வளவுதான். வகுப்பில் 'காணாமல் போவது' பெரும்பாலும் இந்த மூட்டுகளில்தான். இன்னொரு ஆறுதல்: பல கிருதிகளில் சரணத்தின் பின்பகுதி அனுபல்லவியின் தாதுவிலேயே (மெட்டிலேயே) அமைந்திருக்கும். முதலிலேயே அதைக் கவனித்துவிட்டால் வேலை குறையும்.

தெலுங்கு தெரியாது. தமிழ் எழுத்தில் அச்சான புத்தகத்தில் எழுத்துகளுக்கு மேலே 2, 3, 4 என்று எண்கள் இருக்கின்றன. இதைப் பார்த்துப் பாடினால் உச்சரிப்பு சரியாக வருமா?
*– வாசகர், கும்பகோணம்*

வரும், எண்ணை மதித்தால். க, ச, ட, த, ப வரிசைகளில் எண் இல்லாதது வல்லொலி. 2 என்றால் அதே ஒலி மூச்சு சேர்ந்து வரும். 3 என்றால் மெல்லொலி: 'கங்கை' என்பதில் இரண்டாவது க போல. 4 என்றால் அந்த மெல்லொலியே மூச்சோடு.

நம் கிருதியையே பாருங்கள். நிதி⁴, ஸன்னிதி⁴, த³தி⁴ மூன்றிலும் 'தி' நான்காவது எழுத்து. 'ஸுக²மா'வில் 'க' இரண்டாவது. தமிழ்ப் பேச்சு வழக்கில் 'சுகமா' என்னும்போது 'க' ஏறக்குறைய 'ஹ' ஆகிவிடும். அதே பழக்கத்தில் பாடினால், இந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் முக்கியமான சொல்லே தேய்ந்துபோகும். 'தா³ஶரதி²'யில் 'தி' இரண்டாவது. அதை நான்காவதாகச் சொல்கிறவர்களும் உண்டு. தமிழர்கள் அதிகம் தவறுவது சொல்லின் முதலெழுத்தில்தான். 'ப³ல்கு', 'த³தி⁴', 'க³ங்கா³' எல்லாம் நம் வாயில் வல்லொலியாகத் தொடங்கிவிடும்.

எண்ணால் காட்டப்படாத இரண்டு விஷயங்களும் உண்டு. சமஸ்கிருதத்தில் குறில் எ, ஒ கிடையாது. தீட்சிதர் கிருதிகளில் ஏ, ஓ எல்லாம் நெடில்தான். தெலுங்கில் குறில் நெடில் இரண்டும் உண்டு. அச்சில் ஒரு கொம்பு மாறியிருந்தால் பொருளே மாறும். சந்தேகம் வந்தால் இரண்டு பதிப்புகளை ஒப்பிடுங்கள், தெலுங்கு தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை படித்துக் காட்டுங்கள். பாட வேண்டாம், படித்தால் போதும். தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழ்ப் பாடல்களுக்கு இந்தச் சிரமம் இல்லை என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதியார் பாடல்களில் 'ழ'வை 'ள' என்று பாடுவதும், ஒற்றெழுத்தை விழுங்குவதும் மேடைகளில் அன்றாடம் கேட்கிறது. தெலுங்குக்குச் செலவிடும் உழைப்பில் கால்வாசியைத் தமிழுக்கும் செலவிட வேண்டும்.

ஸ்வரக் குறிப்பைப் பார்த்து அப்படியே பாடுகிறேன். ஸ்வரம் எதுவும் தப்பவில்லை. ஆனாலும் கேட்கிறவர்கள் 'ஆர்மோனியம் மாதிரி இருக்கிறது' என்கிறார்கள்.
*– வாசகி, கோயம்புத்தூர்*

அவர்கள் சொல்வது சரி. குறிப்பில் 'க' என்று ஒரு எழுத்துதான் இருக்கும். தோடியில் அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டிருக்கும். அசையாமல் நிறுத்தினால் தோடி போய்விடும். மோகனத்தில் அதே 'க' என்ற எழுத்தை அசைக்காமல் நீட்டி நிறுத்தலாம், அழகாகவும் இருக்கும். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகளே உண்டு. இன்று கையில் கிடைக்கும் பெரும்பாலான பாடப் புத்தகங்களில் அவை கிடையாது. எனவே குறிப்பு என்பது கற்றதை மறக்காமல் இருப்பதற்கு. கற்பதற்குக் குரு பாடிக் கேட்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: அந்த ராகத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வர்ணத்தை (ராகத்தின் பிடிகளைப் பழக்கும் பயிற்சிப் பாட்டு) எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கிருதியில் வரும் ஒவ்வொரு பிடியும் அந்த வர்ணத்தில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். பாதியாவது அங்கே கிடைக்கும். வர்ணத்தில் அந்த இடத்தை எப்படிப் பாடுகிறீர்களோ அதே அசைவைக் கிருதிக்குக் கொண்டுவாருங்கள். ராகத்தில் வர்ணமே தெரியாது என்றால் கிருதியைத் தள்ளிவைத்துவிட்டு வர்ணத்தை முதலில் பாடம் பண்ணுவது உத்தமம். சரியான கமகம் இல்லாமல் மனப்பாடமான கிருதியைத் திருத்துவதற்கு ஆகும் நாளில் இரண்டு வர்ணம் கற்றுவிடலாம்.

வலையொளியில் ஒரே கிருதியை ஐந்து பேர் ஐந்து விதமாகப் பாடுகிறார்கள். எதைப் பின்பற்றுவது? நல்ல சங்கதிகளை மட்டும் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாமா?
*– வாசகர், யாழ்ப்பாணம்*

எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பாடாந்தரத்தில், அதாவது ஒரு குருவழியில் பாடி வரும் வடிவத்தில், சங்கதிகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வளரும். ஒருவரின் மூன்றாவது சங்கதிக்குப் பின்னால் இன்னொருவரின் ஐந்தாவதை வைத்தால், நடுவில் இருக்க வேண்டிய படி இல்லாமல் குதித்து நிற்கும். எடுப்பே வேறாக இருப்பதும் உண்டு. உங்கள் குருவின் பாடாந்தரம் எதுவோ அதுவே உங்களுடையது. குரு இல்லாமல் கேட்டுக் கற்கிறீர்கள் என்றால் ஒருவரைத் தேர்ந்துகொண்டு பாட்டு முழுவதையும் அவரிடமிருந்தே எடுங்கள். மற்ற நால்வரையும் கேட்பதானால், உங்கள் பாடம் நின்ற பிறகு கேளுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது கச்சேரிப் பதிவைவிட ஸ்டூடியோ பதிவு நல்லது. கச்சேரியில் பாடுபவர் அன்றைய மனோதர்மத்தில் ஒரு சங்கதியை நீட்டுவார், ஒன்றை விடுவார், மிருதங்கத்தோடு சேர்ந்து ஒரு இடத்தை நிறுத்துவார். அது எல்லாவற்றையும் கிருதியின் அங்கம் என்று நினைத்துப் பாடம் பண்ணிவிடுகிற மாணவர்கள் அநேகம்.

வேகத்தைக் குறைத்துக் கேட்பது பற்றி ஒரு எச்சரிக்கை. முக்கால் வேகம் வரை குறைக்கலாம். பாதி வேகத்துக்குக் கொண்டுபோனால் கம்பிதம் (ஸ்வரத்தை அசைக்கும் கமகம்) தனித்தனி ஸ்வரங்களாகச் சிதறிக் கேட்கும். அதை அப்படியே தொண்டையில் ஏற்றிக்கொண்டால், மறுபடி முழு வேகத்தில் பாடும்போது அசைவு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஸ்வரம் படிக்கட்டு போல இறங்கும். சந்தேகமான ஒரு பிடியை முக்கால் வேகத்தில் இரண்டு மூன்று முறை கேளுங்கள், உடனே முழு வேகத்தில் கேளுங்கள், பிறகு பாடுங்கள். செயலியில் வேகத்தைக் குறைத்தாலும் சுருதி மாறாமல் இருக்கிறதா என்று தம்புராவோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

ஒன்றரை இடத்து எடுப்பு எனக்கு எப்போதும் நழுவி அரை இடத்துக்கோ இரண்டுக்கோ போய்விடுகிறது.
*– வாசகர், பெங்களூரு*

ஆதி தாளத்தில் முதல் தட்டு முழுதாகப் போக வேண்டும், சுண்டுவிரல் வைத்து அதில் பாதி போக வேண்டும், அங்கே எடுப்பு. ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) நாலு மாத்திரை என்றால் ஆறு மாத்திரை கழித்து. நழுவுவதற்குக் காரணம், அந்த ஆறு மாத்திரையும் உங்கள் மனதில் காலியாக இருப்பது. 'தகதிமி தக' என்று வாய்க்குள் சொல்லி நிரப்புங்கள். 'தக' முடிந்ததும் முதல் எழுத்து. பாட்டு பழகும் வரை இதை விடாதீர்கள்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். எடுப்பு சரியாக வந்தும் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓடினால் பயனில்லை. நெருக்கமான சங்கதியில் இழுபடும், காலியான இடத்தில் ஓடும், இது எல்லாருக்கும் நேர்வது. நீங்கள் பாடியதைப் பதிவு செய்து பல்லவியின் முதல் ஆவர்த்தனத்தையும், சரணம் முடிந்து திரும்பும் பல்லவியின் ஆவர்த்தனத்தையும் கடிகாரத்தில் அளந்து பாருங்கள். முதலாவது எட்டு விநாடி, கடைசியது ஏழு விநாடி என்றால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. மிருதங்கக்காரர் அதை முதலிலேயே உணர்ந்திருப்பார். தாளமானியோடு தினமும் பாடுவதைவிட, தாளமானி இல்லாமல் பாடி இப்படி அளந்து பார்ப்பது அதிகம் உதவும். தாளம் உங்கள் கைக்குள் இருக்கிறதா என்று அதுதான் காட்டும்.

வீட்டில் தடங்கல் இல்லாமல் வருகிற பாட்டு, மேடையில் சரணத்துக்கு வந்ததும் மறந்துவிடுகிறது. இரண்டாவது அடிக்குப் பதில் மூன்றாவது அடியைப் பாடிவிடுகிறேன்.
*– வாசகி, சென்னை*

தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாக மட்டும் பயிற்சி செய்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த ஓட்டம் ஒரு இடத்தில் தடைபட்டால் நடுவில் ஏறிக்கொள்ள வழி இல்லை. பாட்டின் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதல் சொல்லையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். கையில் வந்த சொல்லிலிருந்து, தாளத்தோடு, முன் வரியை மனதுக்குள் பாடிப் பார்க்காமல், நேரே எடுக்க வேண்டும். எந்தச் சீட்டில் திணறுகிறீர்களோ அது இன்னும் பாடமாகவில்லை. அதை மட்டும் அன்று பாடுங்கள்.

அடி மாறிப்போவதற்குக் காரணம் இரண்டு அடிக்கும் மெட்டு ஒன்றுபோல் இருப்பதுதான். மெட்டு அங்கே உங்களுக்குக் கைகொடுக்காது. பிடித்துக்கொள்ள வேண்டியது எதுகையையும் பொருளையும். நம் கிருதியில் பல்லவி 'நிதி', அனுபல்லவி 'ததி', இரண்டாம் எழுத்து ஒன்று. சரணத்தில் 'தம', 'மமதா', 'ஸுமதி' என்று மகரத்துக்கு மாறுகிறது. பொருளும் ஜோடி ஜோடியாக நடக்கிறது: பல்லவியில் நிதியா சேவையா, அனுபல்லவியில் தயிர் வெண்ணெய் பாலா, ராமனைத் தியானித்துப் பாடும் அமுதரசமா, சரணத்தில் அடக்கம் என்னும் கங்கையா, சேற்றுக் கிணறா, பிறகு மனிதரைத் துதிப்பதா, இறைவன் கீர்த்தனையா. இந்த ஜோடிகளைக் கதை போல ஒரு முறை உங்கள் வார்த்தையில் சொல்லிப் பார்த்துவிட்டீர்கள் என்றால் மூன்றாவது அடி இரண்டாவதற்கு முன்னால் வர முடியாது.

மேடைக்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். சாகித்தியம் முழுவதையும் பாடாமல், முணுமுணுக்காமல் எழுத வேண்டும். இரண்டாவது, வேலைக்கு நடுவே யாராவது திடீரென்று "அனுபல்லவி எடுங்கள்" என்றால் தம்புரா இல்லாமல் எடுக்க வேண்டும். இரண்டும் வந்த பிறகும் ஒரு மாதமாவது பாட்டு ஊறட்டும். முதல் முறை மேடையில் பாடும்போது கச்சேரியின் பிரதான உருப்படியாக வைக்காதீர்கள். இரண்டாவது, மூன்றாவது பாட்டாக, நிரவல், ஸ்வரம் போன்ற கற்பனைப் பகுதிகள் இல்லாமல் பாடிப் பாருங்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. கீதங்கள் முடித்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்த கிருதி ஒன்றைக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாமா?
*– வாசகர், மதுரை*

இரண்டு வர்ணமாவது இரண்டு காலத்தில் நிற்கட்டும். அதற்குள் ஆசை தாங்கவில்லை என்றால் சமத்தில் எடுக்கிற, சங்கதி அதிகம் இல்லாத சிறிய உருப்படி ஒன்றைக் குரு தேர்ந்துதரட்டும்.

புன்னாகவராளிக் கிருதி ஒன்றைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். என் சுருதி ஐந்து கட்டை. பாட்டு முழுதும் தாழ்வாகவே இருக்கிறது, குரல் எழும்பவில்லை.
*– வாசகி, திருநெல்வேலி*

அந்த ராகத்தின் சஞ்சாரம் மந்தர (கீழ்) நிஷாதத்துக்கும் மத்ய (நடு) நிஷாதத்துக்கும் இடையேதான், தார (மேல்) ஸ்தாயிக்குப் போவதில்லை. அதனால்தான் புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, நவரோஜ் போன்றவற்றை மத்யம சுருதியில் பாடுவது வழக்கம். உங்கள் ஐந்து கட்டையின் மத்யமம், அதாவது மேலே உள்ள ஒரு கட்டை, இப்போது உங்கள் ஷட்ஜம். தம்புராவில் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கினால் போதும். பழைய ஷட்ஜத் தந்திகள் புதிய ஷட்ஜத்துக்குப் பஞ்சமமாக ஒலிக்கும். மின் தம்புரா என்றால் 'ம' பொத்தானைப் போடுங்கள்.

கற்கும்போதே மத்யம சுருதியில் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்து கட்டையில் பாடமாக்கிவிட்டுப் பிறகு மாற்றினால் தொண்டை பழைய இடத்தையே தேடும். கச்சேரியில் வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் சுருதி சேர்த்துக்கொள்ள நேரம் வேண்டும். இந்தப் பாட்டைக் கச்சேரியின் பிற்பகுதிக்குத் தள்ளிவைத்தால் நடுவில் இரண்டு முறை சுருதி மாற்றும் வேலையும் மிச்சம்.